மாமனார் பேர் கொண்ட மைனா

அந்த மைனாவின் பேரை இங்கே எழுதமாட்டேன். அது என் மாமனாரின் பேர். சாமி பேர்தான், எங்கள் பக்கத்தில் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும். மனிதர்களுக்கு வைத்தது போதாதென்று ஒரு கூண்டுப் பறவைக்கும் வைத்துவிட்டார்கள். வைத்தவர்கள் மாற்றலாகிப் போய்விட்டார்கள். மாட்டிக்கொண்டது நான்.

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது. நாங்கள் மேலகரத்தில் இருந்தோம். என் வீட்டுக்காரர் தென்காசியில் ஒரு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. அந்த ஆபீஸ் ஓவர்சியர் குற்றாலத்தில் குடியிருந்தார். பிள்ளை கிடையாது. புருஷனும் பெண்டாட்டியுமாக ஒரு மலை மைனாவை வளர்த்தார்கள். நல்ல கறுப்பு, காதோரம் மஞ்சள் தோல், கேட்ட குரலை அப்படியே திருப்பிச் சொல்லும். ஓவர்சியருக்கு வடக்கே எங்கோ மாற்றல் வந்தது. ரயிலில் அத்தனை தூரம் பறவை தாங்காது என்று, கீழே வேலை பார்க்கிற என் வீட்டுக்காரர் தலையில் கட்டினார்கள். மேலதிகாரி கொடுப்பதை வேண்டாம் என்று சொல்ல இவருக்கு வாய் வருமா? கூண்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அந்த வீட்டம்மா அதன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதை இவர் காதால் கேட்டிருக்கிறார். "இது எங்க அப்பா பேரு" என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு தலையைக் குனிந்து நின்றிருக்கிறார். "பேரைச் சொல்லிக் கூப்பிட்டாத்தான் திங்கும், தம்பி" என்று அந்தம்மா சொன்னதற்கும் தலையை ஆட்டியிருக்கிறார். வீட்டுக்கு வந்து கூண்டைப் புறவாசலில் மாட்டிவிட்டு என்னிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னார். "பேரை மாத்திக்கிடலாம்ட்டி. பறவைதான், ரெண்டு நாள்ல பழகிரும்."

எங்கள் வீட்டில் அந்தப் பேரை யாரும் சொல்லக் கூடாது. மாமியார் சொல்லக் கூடாது, புருஷன் பேர். நான் சொல்லக் கூடாது. என் வீட்டுக்காரரும் சொல்லமாட்டார், அப்பா பேர். அதே பேரில் தென்காசியில் ஒரு ஜவுளிக்கடை இருந்தது. அதை மாமியார் "தேர்முக்குக் கடை" என்பாள். பண்பொழி மலைக்குப் போனால் சாமியையே "மேல இருக்கவுக" என்றுதான் கும்பிடுவாள். ஊரெல்லாம் இப்படித்தான். ஆனால் எங்கள் வீட்டில் கொஞ்சம் கூடுதல்.

ஏன் கூடுதல் என்றால், எனக்கு முன்னால் அந்த வீட்டுக்கு வந்த மூத்த மருமகள். என் வீட்டுக்காரரின் அண்ணன் பெண்டாட்டி. கிணற்றடியில் பக்கத்து வீட்டுப் பெண்ணோடு சண்டை வந்தபோது, கோபத்தில் மாமனார் பேரைச் சொல்லி, அவர் வீட்டு மருமகளாக்கும் நான் என்று கத்திவிட்டாள். அது அவர் காதில் விழுந்தது. அன்றைக்கே வண்டி பூட்டி அவளைப் பிறந்த ஊருக்கு அனுப்பினார். திரும்பக் கூப்பிடவே இல்லை. அவள் புருஷன் கொழும்புக்குப் போய்விட்டார். நான் கல்யாணமாகி வந்தபோது அவளுடைய தகரப் பெட்டி எங்கள் அறையில்தான் கிடந்தது. அதில்தான் என் சேலைகளை வைத்தேன். வாசுதேவநல்லூரில் என் அப்பாவுக்கு என்னைத் தவிர இன்னும் மூன்று பெண்கள். நான் திரும்பிப் போனால் அவர்களில் ஒருத்தியைக்கூட யாரும் கேட்டு வரமாட்டார்கள். கல்யாணமாகி ரெண்டு வருஷமாகியும் எனக்கு வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. என்னை அனுப்புவதற்கு ஏற்கெனவே ஒரு காரணம் தயாராக இருந்தது. நான் எவ்வளவு பயந்தேன் என்பது இதிலிருந்து தெரியும்.

வந்த புதிதில் மைனா வாயைத் திறக்கவில்லை. இடம் புதிது. நானும் என் வீட்டுக்காரரும் "ராசா, ராசா" என்று கூப்பிட்டுப் பார்த்தோம். கழுத்தைச் சாய்த்து எங்களைப் பார்க்கும், பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளும். தட்டில் வைத்ததில் ஏதோ கொஞ்சம் கொத்தும். சரி, பழகிவிடும் என்றிருந்தோம்.

ஒரு மத்தியானம் மாமனார் கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். புறவாசலில் இருந்து ஒரு பெண்குரல், தெளிவாக, உரக்க:

"ஏலே ...! வாலே, வந்து தின்னுலே!"

நடுவில் அந்தப் பேர்.

அவர் கை சோற்றில் அப்படியே நின்றது. நான் கரண்டியைச் சாய்த்தது சாய்த்தபடி நின்றதால் ரசம் இலையை விட்டு வழிந்து அவர் வேட்டியில் பட்டது. அதைக்கூட அவர் பார்க்கவில்லை.

"எவ அது?" என்றார்.

அடுக்களை வாசலில் நின்ற மாமியார் சொன்னாள். "மைனாங்க."

"மைனாவுக்கு எவ சொல்லிக் குடுத்தா?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். வீட்டில் இளவயதுப் பெண்குரல் என்னுடையது ஒன்றுதான். அது ஓவர்சியர் பெண்டாட்டியின் குரல் என்று சொல்ல நாக்கு எழவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் என் வீட்டுக்காரர் வீட்டில் இருந்தார். ஓடிவந்து ஓவர்சியர், மாற்றல், ரயில் என்று உளறினார். மாமனார் கேட்டுக்கொண்டே மிச்சச் சோற்றையும் தின்று முடித்தார். கை கழுவிவிட்டுச் சொன்னார்:

"பேரை மாத்து. மாத்தின பொறவு, வீட்டுல இருக்க எவ குரல்லயாவது அதை நான் கேட்டேன்னா, மைனா மட்டும் வெளிய போவாது."

சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்கிற குரலில் சொன்னார்.

விட்டுவிடலாமே என்று படிக்கிறவர்கள் கேட்பார்கள். சிறகு வெட்டின பறவை. வெளியே விட்டால் காக்கையும் பூனையும் அன்றைக்கே முடித்துவிடும். வேறு யாருக்காவது கொடுத்தால், ஊரான் வீட்டு வாசலில் அது "ஏலே" போட்டு அவரைக் கூப்பிடும். அது இன்னும் மோசம். அதனால் பேரை மாற்றுவது ஒன்றுதான் வழி. ராசா வேலைக்கு ஆகவில்லை என்று பாப்பா என்றோம், கண்ணு என்றோம். என் வீட்டுக்காரர் ஆபீஸ் போகும்முன் கூண்டின் முன்னால் நின்று கைதட்டி "கண்ணு, கண்ணு" என்று கத்துவார். பக்கத்து வீட்டில் சிரிப்பார்கள்.

மாமியார் புதுப்பேர் எதையும் சொல்லவில்லை. புருஷன் பேர் உள்ளதை அது இது என்று சொல்லவும் அவளுக்கு வாய் வரவில்லை. "அவுக சாப்பிட்டாகளா?" என்று கூண்டைக் காட்டிக் கேட்பாள். முதல் தடவை மாமனாரைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, "மாமா வயலுக்குப் போயிருக்காகளே" என்றேன்.

"அவுக இல்லட்டி. இவுக."

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த வீட்டில் நான் அடக்கிக்கொண்ட சிரிப்புகளில் அதுவும் ஒன்று.

பேரை மாற்ற ஆரம்பித்த பிறகு மைனா தின்பதை அறவே நிறுத்தியது. பொரிகடலை மாவைப் பிசைந்து உருண்டை பிடித்து நீட்டினால் கொத்தாது. வாழைப்பழத்தைத் தொடாது. இறகைச் சிலுப்பிக்கொண்டு கூண்டின் மூலையில் உட்கார்ந்திருந்தது. எனக்கு இந்தப் பக்கமும் பயம். வீட்டுக்கு வந்த பறவை பட்டினி கிடந்து செத்தால், தீனி வைக்கிற மருமகள் கையைத்தான் சொல்வார்கள். பிள்ளை தங்காத கை என்று ஏற்கெனவே ஜாடையாகப் பேச்சு இருந்தது.

ஒருநாள் மத்தியானம் மாமனார் வயலில் இருந்தார். மாமியார் தலைவலி என்று உள்ளே படுத்திருந்தாள். மைனா கண்ணை மூடி மூடித் திறந்தது. நான் புறவாசல் கதவைச் சாத்தினேன். கூண்டுக் கம்பியில் வாயை வைத்து, மூச்சு அளவுக்கு மெதுவாகச் சொன்னேன்.

"ஏலே ..., தின்னுலே. யாரும் வாரதுக்குள்ள தின்னுரு."

உருண்டையை என் விரலோடு சேர்த்துக் கொத்தியது. இன்னொன்று, இன்னொன்று. எனக்கு முதுகெல்லாம் வேர்த்துவிட்டது. சொன்னால் வாய் அழுகும், புருஷன் வீட்டுக்கு ஆகாது என்றெல்லாம் சின்ன வயதில் இருந்து கேட்டிருக்கிறேன். சொல்லிவிட்டு நாக்கை வெளியே நீட்டித் தொட்டுப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அன்று ராத்திரி கண்ணாடியில் இன்னொரு தடவை நாக்கைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு தினமும் இதுதான். கதவைச் சாத்துவது, சொல்வது, ஊட்டுவது. மைனா தேறியது. மற்ற நேரத்தில் சீழ்க்கை அடிக்கும், வண்டிமாட்டை ஓட்டுகிற சத்தம் போடும், வயிறு நிறைந்திருந்ததால் அந்தப் பேரை மட்டும் சொல்லாது. பேர் மாறிவிட்டது என்று என் வீட்டுக்காரர் அவர் அப்பாவிடம் சொல்லி நல்ல பேர் வாங்கிக்கொண்டார். நான் அவரிடம்கூட உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால் முகத்திலேயே காட்டிவிடுவார்.

ஒன்று மட்டும் எனக்கு உறைக்கவே இல்லை. கேட்ட குரலைத் திருப்பிச் சொல்கிற பறவை அது. தினமும் அதன் காதில் என் குரலை நானே ஊற்றிக்கொண்டிருந்தேன்.

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டது. விடாமல் சாரல். வயலில் வேலை இல்லாததால் மாமனார் கூடத்திலேயே சாய்வு நாற்காலியில் கிடந்தார். புறவாசலில் தூறல் அடிக்கிறது என்று என் வீட்டுக்காரர் காலையில் போகும்போது கூண்டைக் கூடத்துக்குள் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனார். நான் அடுக்களையில் இருந்தேன். திரும்பிப் பார்த்தபோது கூண்டு மாமனார் தலைக்கு நேர் மேலே தொங்கியது. எடுக்கவும் முடியாது, ஏன் எடுக்கிறாய் என்று கேட்பார். காலையெல்லாம் அடுப்பு முன்னால் உட்கார்ந்து, சாமி, வாயைத் திறக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே இருந்தேன். எந்தச் சாமி என்று சொல்ல வேண்டியதில்லை.

சாப்பாட்டு நேரம் வந்தும் ஊட்ட யாரும் வராததால் மைனா சொல்லிவிட்டது. என் குரல். என் மூச்சு. "ஏலே ..., தின்னுலே. யாரும் வாரதுக்குள்ள தின்னுரு."

மாமனார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏட்டி, இங்கன வா. உன் மருமவளையும் கூட்டிட்டு வா" என்று மாமியாரைக் கூப்பிட்டார். போனோம். தகரப் பெட்டியில் எந்தச் சேலையை மேலே வைப்பது என்று ஓடியது புத்தி. அப்படிக் கேவலமாகத்தான் ஓடியது.

"யாரு குரலு இது?"

நான் வாயைத் திறப்பதற்குள் மைனா இருமியது. வறட்டு இருமல், ரெண்டு தடவை. அந்த இருமல் அந்த வீட்டில் ஒருத்திக்குத்தான் உண்டு. இருமிவிட்டு, தளர்ந்த குரலில், ஏலே இல்லாமல், அவர் பேரைச் சொன்னது. "..., கோவிச்சுக்கிடாம சாப்பிடுங்க."

நான் மாமியாரைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். தலைவலி என்று படுத்திருந்தவள் நான் கதவைச் சாத்தியதை எல்லாம் கேட்டாளா, இல்லை நான் எழுந்திருக்கும் முன்னால் விடியக் கருக்கலில் அவளும் ஊட்டிக்கொண்டிருந்தாளா, எனக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை.

மாமனார் அவளைப் பார்த்தார். அத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவள் வாயில் தன் பேரை அன்றுதான் கேட்கிறார், அதுவும் ஒரு பறவை வழியாக. அடிப்பார் என்று நினைத்தேன். மாமியார் தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "பின்ன, பட்டினி போட்டுக் கொல்லவா சொல்லுதீக?"

அவர் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சாரலில் குடை இல்லாமல் குற்றாலம் போகிற ரோட்டில் நடந்துபோனார். பெட்டியைத் திறந்து துணியை மடித்து வைத்துக்கொண்டிருந்தேன். மாமியார் வந்து வாசலில் நின்றாள்.

"எங்கட்டி கிளம்புத?"

"அவுக வந்து சொல்லதுக்கு முன்னால..."

"அனுப்பினா ரெண்டு பேரையும்லா அனுப்பணும். நான் போயிட்டா அவுகளுக்கு யாரு வெந்நி போடுவா? போ, போயி அடுப்பைப் பாரு."

நனைந்து வந்தவர் வெந்நீரில் குளித்தார், சாப்பிட்டார், படுத்துவிட்டார். மறுநாள் காலையில் கூடத்தில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். கூண்டின் முன்னால் மாவு உருண்டையோடு நின்றுகொண்டிருந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, கரகரத்த குரலில், "ஏலே ..., தின்னுலே" என்றார். தன் பேரைத் தானே. அது தின்றது. அதற்குப் பிறகு தீனி வைப்பது அவர் வேலை. பேர் மாறவில்லை.

ஊரில் இதைச் சொல்லிச் சொல்லி மெச்சுவார்கள். மருமகளுக்காக இறங்கி வந்த மனுஷன் என்பார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். எங்கள் ரெண்டு பேர் வாயிலும் அந்தப் பேர் வரக் கூடாது என்றுதான் அவர் எடுத்துக்கொண்டார். எங்கள் குரல் கொஞ்சம் கொஞ்சமாக மைனாவிடம் இருந்து போய்விட்டது. கடைசியில் அது அவர் குரலில் மட்டும்தான் கூப்பிட்டது.

பல வருஷம் கழித்து மாமியாரிடம் ஒருநாள் கேட்டேன். "மூத்தவளை அனுப்பும்போது நீங்க ஏன் அத்தை வாயத் திறக்கல?"

"பயம்ட்டி."

"எனக்குத் திறந்தீகளே."

"நான் எங்க திறந்தேன்? அதுலா திறந்துச்சு."

அவ்வளவுதான் பதில். மூத்தவள் பிறந்த வீட்டிலேயே மாவாட்டிக்கொண்டிருந்து செத்துப்போனாள். அவள் ஒரே ஒரு தடவை சொன்னாள். நான் எத்தனை தடவை சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

மாமனாரும் போய்விட்டார், மாமியாரும் போய்விட்டாள், மைனாவும் போய்விட்டது. இதை எழுத உட்கார்ந்தபோது, இனி யாருக்குப் பயம், பேரையே எழுதிவிடுவோம் என்றுதான் நினைத்தேன். முதல் எழுத்தைப் போட்டேன். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். வந்து பார்த்து, போட்ட எழுத்தையும் அடித்துவிட்டேன்.