கரி போக நாகலாபுரம் வரை

காரை சர்வீசுக்கு விடும்போதெல்லாம், எஞ்சினில் சேர்ந்த கரியை எடுத்துவிடலாமா என்று கேட்கிறார்கள். அதனால் பிரயோசனம் உண்டா என்று திருப்பிக் கேட்டால் ஆளுக்கொரு பதில் வருகிறது. எனக்குச் சிரிப்புத்தான் வரும். கரியால் எங்கள் வீட்டுக்குக் கிடைத்த பிரயோசனம் வேறு யாருக்கும் கிடைத்திருக்காது.

அப்பா கோவில்பட்டியில் சின்னதாகத் தீப்பெட்டி ஆபீஸ் நடத்தினார். தொழிற்சாலையை ஆபீஸ் என்பதுதான் எங்கள் ஊர் வழக்கம். அவர் வாங்கிய பழைய பெட்ரோல் கார் வீட்டுக்கும் ஆபீசுக்கும் மட்டுமே ஓடியது. நடந்தே போகிற தூரம். அதையும் பெட்ரோல் மிச்சம் என்று டாப் கியரிலேயே உருட்டுவார். ஒருநாள் பாலத்து ஏற்றத்தில் கார் இருமிவிட்டு நின்றது. பின்னால் டவுன் பஸ்காரர் அடித்த ஹாரனில் அப்பாவின் மானம் போயிற்று.

கரி சேர்ந்திருக்கிறது என்றார் மெக்கானிக். எஞ்சினைப் பிரித்துச் சுரண்டச் சொன்னார் அப்பா. எதையும் அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் பார்த்தால்தான் அவருக்குத் திருப்தி.

"அது தண்டச் செலவு அண்ணாச்சி. நீளமா ஒரு ஓட்டம் விட்டு, மூணாவது கியர்ல நல்லா மிதிச்சிட்டு வாங்க. பாதிக் கரி தானா போயிரும்."

நாலு வழிச் சாலையில் மதுரைக்குப் போகலாம் என்று அப்பா தீர்மானித்தபோது, காரைப் பற்றி ஒருநாளும் வாய் திறக்காத அம்மா அடுப்படியிலிருந்து சொன்னாள்: "அங்கன லாரியாத்தான் வரும். நாகலாபுரம் ரோடு வெறிச்சோடிக் கெடக்கும். கரி போறதுக்கு அதான் தோது."

நாகலாபுரம் அம்மா பிறந்த ஊர். சித்தி கல்யாணப் பத்திரிகையில் அப்பாவின் பெயர் விட்டுப்போயிருந்தது. அச்சகத்துத் தவறு என்று தாத்தா ஆள் விட்டுச் சொல்லியும் அப்பா நம்பவில்லை. அந்த வாசல்படியை இனி மிதிப்பதில்லை என்று சொல்லிவிட்டார். அம்மாவைப் போகக் கூடாது என்று அவர் சொன்னதில்லை. அவளும் போகட்டுமா என்று கேட்கவில்லை. அதன்பிறகு நான் இரண்டு வகுப்பு ஏறிவிட்டேன், தாத்தாவின் முகம் பாதி மறந்தும்விட்டது.

அப்பா கார்ச் சாவியை எடுத்துத் துடைத்தார். பிறகு, "வண்டிக்காகத்தான்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். இரண்டு பக்கமும் கரிசல் காடு. மூன்றாவது கியரில் எஞ்சின் அலறியது. புகை வருகிறதா என்று பின்கண்ணாடி வழியே பார்ப்பது என் வேலை. கருப்பாக வந்ததைச் சொன்னதும் அம்மா குழந்தை மாதிரிச் சந்தோஷப்பட்டாள்.

தாத்தாவின் தெருமுனை வேப்பமரத்தடியில் அப்பா காரை நிறுத்தினார். "எஞ்சின் சூடா இருக்கு, ஆறணும். நீ வேணா போயிட்டு வா." அம்மா செருப்பைக்கூட மாட்டாமல் போனாள். அப்பா பானட்டைத் திறந்து, தலையை உள்ளே விட்டுக்கொண்டார்.

சற்று நேரத்தில் தாத்தா ஒரு குடம் தண்ணீரோடு வந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை, எஞ்சினைப் பார்த்தார்கள்.

"கரியச் சொரண்டுனா பிரயோசனம் உண்டா மாப்ள?" என்றார் தாத்தா. தன் டிராக்டர் எஞ்சினைத் தானே பிரித்து மாட்டுகிறவர் அவர். அப்பா மெக்கானிக் சொன்னதையெல்லாம் சொந்தச் சரக்காக எடுத்துவிட, தாத்தா முதல்முறை கேட்பவர்போலத் தலையாட்டிக்கொண்டே நின்றார்.

"உள்ள வந்து இருங்க மாப்ள."

"இல்ல மாமா, வண்டிகிட்ட ஆள் வேணும்."

ஆகவே நாற்காலி தெருவுக்கு வந்தது. காப்பி வந்தது. மத்தியானம் கோழிக் குழம்பும் சோறும் வந்தன. வாசல்படியை மிதிக்காமலேயே அப்பா மாமனார் வீட்டு விருந்தைச் சாப்பிட்டு முடித்தார். திரும்பும் வழியெல்லாம் அம்மா பேசிக்கொண்டே வந்தாள். அவள் அவ்வளவு பேசுவாள் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அடுத்த மாதம் ஒருநாள் சாப்பிடும்போது அப்பா, "வண்டி இழுக்க மாட்டேங்கு. மறுபடி கரி சேந்திருச்சு போல" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "இல்லப்பா, காலையில நல்லாத்தான் ஓடுச்சு. அப்படியே சேந்திருந்தாலும் பிரிச்சு ஒரேயடியாச் சொரண்டிருவோம். எதுக்கு மாசாமாசம் அவ்வளவு தூரம் போகணும்?"

அம்மா என் தொடையில் கிள்ளினாள். "ஏட்டி, எஞ்சினப் பத்தி ஒனக்கு என்ன தெரியும்? பேசாம சாப்பிடு."

இத்தனை நியாயமாகப் பேசியதற்கு எதற்காகக் கிள்ளு வாங்கினேன் என்று விளங்காமல், சோற்றைப் பிசைந்தபடியே அழுதேன்.