அவன் என்ன சொல்ல வர்றான்னா

மகள் விளையாடும் வீடியோ கேமில் ஒரு கனத்த குரல் விடாமல் கதை சொல்கிறது. "வீரன் கதவைத் திறக்கிறான். அவன் மனம் கலங்குகிறது." திறந்தவள் மகள், அவள் மனமோ தட்டிலிருந்த முறுக்கில் இருந்தது. நான்தான் காதைப் பொத்திக்கொண்டேன். அது அச்சு அசல் என் பெரியப்பாவின் குரல்.

என் சிறு வயதில் கீழ்வேளூர்ப் பக்கம் எங்கள் நிலத்தைக் குத்தகைக்கு உழுதவர் கோவிந்தன். குத்தகைதாரர்களைப் பதிவு செய்ய அதிகாரி வரப்புக்கே வந்திருந்தார். பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டால் கோவிந்தனை வெளியேற்ற முடியாது. அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் வெற்றிலை எச்சில் தெறிக்கப் பெரியப்பா முந்திக்கொண்டார்.

"அவன் என்ன சொல்ல வர்றான்னா சார், அவன் கூலிக்கு வர்றவன். பதிவெல்லாம் நமக்கு எதுக்குன்னு நினைக்கிறான்."

கோவிந்தன் எட்டு வயதுக்காரனான என் பக்கம் திரும்பினார். "சின்னய்யா, நீங்களே சொல்லுங்க. போன சம்பாவுக்கு நாத்து விட்டது யாரு?"

அவர் சேற்றில் நின்றதைத் தினமும் பார்த்தவன் நான். "பெரியப்பா" என்றேன். செருப்பில் சேறு பட்டாலே ஆளைக் கூப்பிட்டுக் கழுவச் சொல்லும் பெரியப்பா! அதிகாரி சிரித்துக்கொண்டே எழுதினார். அடுத்த சம்பாவுக்குக் கோவிந்தன் அங்கே இல்லை.

"புடிக்கலன்னா அந்தக் குரலை ஆஃப் பண்ணிடலாம்ப்பா" என்றாள் மகள்.

ஊர்க் கதைகளை வேடிக்கையாக எழுதியே பிழைத்தவன் நான். கோவிந்தனைப் பற்றி இப்போதுதான் எழுதுகிறேன். இதிலும் அவரை ஒருமுறைக்கு மேல் பேச விடவில்லை.