எலி தின்ற மரத்தூள்

மருந்து ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லாரும் அவரை எலிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். கூண்டு கழுவி, தீனி போட்டு, தண்ணீர் மாற்றியே பத்தொன்பது வருஷத்தை ஓட்டியவர். அந்த வாசனை போகவே போகாது என்று அவர் வேலைச் சட்டைகளை மனைவி தனிக்கொடியில் உலர்த்துவாள்.

அந்த மனுஷருக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை. விரல் மூட்டெல்லாம் வீங்கி, ஆறு வருஷமாக ஒரு பொத்தான்கூடப் போட முடியாத அவருடைய அக்கா, கூடத்தின் புது மாத்திரையைச் சோதனை வார்டில் முதன்முதலாக விழுங்கப்போகிறாள். அதே மருந்தில் ஒன்பதே நாளில் எலிகளின் பாத வீக்கம் வடிந்ததை முதலில் பார்த்தவர் அவர். படிகளை இரண்டிரண்டாகத் தாவி, ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரம்மாவிடம் ஓடிச் சொன்னவரும் அவர்தான்.

மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்தில் அக்கா குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தி எடுத்தாள். மறுநாளும் அதே கதை.

"இவங்களுக்கு ஒத்துக்கல, நிறுத்திடலாம்" என்றார் டாக்டரம்மா. "எலிங்களுக்குக் குமட்டினதா ஒரு அறிகுறிகூட இல்ல."

"அதுங்களுக்குத்தான் வாந்தியே வராதேம்மா" என்று சொல்லும்போதே எலிக்காரருக்குச் சுரீரென்றது. மரத்தூள்! மருந்து கொடுத்த முதல் மூன்று நாளும் எலிகள் தீனியை விட்டுவிட்டு, கூண்டில் பரப்பியிருந்த மரத்தூளைத் தின்றன. நாலாம் நாள் நிறுத்திவிட்டன. பாவம், தூள் பற்றவில்லை போலிருக்கிறது என்று இவர் இன்னும் இரண்டு கை அள்ளிப் போட்டாரே தவிர, யாரிடமும் மூச்சுவிடவில்லை. இப்போது மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினார்.

"குமட்டினா எலி அப்படித்தான் கண்டதையும் திங்கும். ஏன் எழுதல?"

"நீங்க குடுத்த ஃபாரத்துல எடை இருக்கு, தீனி இருக்கு, தண்ணி இருக்கு. மரத்தூளுக்குக் கட்டமே இல்லையேம்மா."

டாக்டரம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். ஆனால் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்துவிட்டது. "எலிக்கு நின்னுது, சரி. உங்க அக்காவுக்கும் நிக்கும்னு என்ன நிச்சயம்?"

"ஒரு நிச்சயமும் இல்ல. எலிகிட்டதான் கேக்க முடியல, அக்காகிட்ட கேக்கலாமே."

ஒன்றையும் ஒளிக்காமல் சொல்லிக் கேட்டார்கள். "அளவைப் பாதியாக்கிக் குடுங்க. தாங்கலேன்னா நானே சொல்லிடறேன். உங்க எலிக்கு இல்லாத வாய் எனக்கு இருக்கு" என்றாள் அக்கா.

நாலாம் நாள் எலிக்காரர் ஆவலோடு வார்டுக்கு ஓடினார். வாந்தி நிற்கவில்லை. எட்டாம் நாள்தான் நின்றது. ஒன்பதாம் நாள் விரல் வடியும் என்று நம்பிப் போனார். ஒரு மாற்றமும் இல்லை. எலியை நம்பி அக்காவைப் பாடாய்ப் படுத்திவிட்டோமோ என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

இருபத்து மூன்றாம் நாள் சாயங்காலம் அக்கா, "கிட்ட வாடா" என்றாள். குனிந்தார். அவருடைய காதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, சின்ன வயதில் செய்வதுபோல ஒரு திருகு திருகினாள்.

"மரத்தூளை எழுதாம விட்டதுக்கு."

காது சிவந்து எரிந்தது. எலிக்காரர் மற்றக் காதையும் காட்டினார்.