அவர் பார்க்க விழுங்கிய மாத்திரைகள்

மூன்று வாரமாக, பறித்த தேயிலைக் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு லயத்து வீட்டுக்குத் திரும்பும் நேரத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தது. பலத்த காய்ச்சல் இல்லை, ஒரு வெதுவெதுப்பு. அதில் எல்லாம் மெதுவாகிவிடும். வாசலில் உட்கார்ந்து மலையில் பனிமூட்டம் இறங்குவதைப் பார்ப்பேன். அது என் தலைக்குள் இறங்குவதாகத் தோன்றும். சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கு அது பிடித்திருந்தது.

பிறகு இருமலில் இரத்தம் வந்தது. அது பிடிக்கவில்லை.

டிக்கோயா ஆஸ்பத்திரியில் நெஞ்சுப் படம் எடுத்தார்கள், சளியைச் சோதித்தார்கள். காசநோய் (காற்றில் பரவும் கிருமி நுரையீரலில் குடியேறுவது, பழைய ஆட்கள் சயரோகம் என்பார்கள்) என்றார் டொக்டர். சின்ன வயதுப் பெண்.

"பயப்படாதீங்கம்மா. ஆறு மாசம் மாத்திரை போட்டா சுகமாயிரும். ஒரு நாளும் விடக்கூடாது. நீங்க விழுங்கிறதை ஒருத்தர் பக்கத்துல நின்னு பார்க்கணும்."

"எனக்கு நாப்பத்தாறு வயசுங்க. விழுங்கத் தெரியும்."

"கொஞ்சம் சுகமானதும் நிறுத்திர்றாங்க. அதுக்குத்தான்."

தோட்டத்தின் பெயரைக் கேட்டு அட்டையில் எழுதினார். தோட்ட டிஸ்பென்சரியில் மருந்து கொடுப்பவர் தினமும் பார்த்துக் கையெழுத்துப் போடுவார் என்றார். இரத்தத்தைப் பார்த்தபோது வராத பயம் எனக்கு அப்போது வந்தது. அங்கே மருந்து கொடுப்பவர் யோகராஜ்.

இருபத்தைந்து வருடத்துக்கு முன் நானும் அவரும் விரும்பினோம். கொழும்பில் ஒரு மருந்துக் கடையில் அவருக்கு வேலை கிடைத்தது. காலை ரயிலில் சேர்ந்து போய் அங்கேயே கல்யாணம் செய்துகொள்வது என்று பேச்சு. ஹட்டன் ஸ்டேஷனில் அவர் நின்றார். நான் போகவில்லை, ஏன் என்று சொல்லி அனுப்பவும் இல்லை. அவர் அங்கே கல்யாணம் முடித்து, மகனை ஆளாக்கி, மனைவியைப் பறிகொடுத்து, போன வருடம் இந்தத் தோட்டத்துக்கே திரும்பி வந்தார். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவர்தான் காரணம் என்றால் அவருக்குத் தலைக்கனம் வரும். வேளை வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் வந்த நாளிலிருந்து நான் டிஸ்பென்சரிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. தலைவலிக்குத் தைலம், காய்ச்சலுக்குக் கொத்தமல்லி என்று காலத்தை ஓட்டினேன். இருமலை அத்தனை வாரம் வளர்த்ததற்கு அதுவும் ஒரு காரணம். இதைப் படிக்கிற நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். மானம் நுரையீரலைக் காப்பாற்றாது.

முதல் காலை டிஸ்பென்சரி முற்றத்து வெயிலில் நான் உட்கார அவர் ஒரு கதிரை போட்டிருந்தார். நான் வாயையும் மூக்கையும் மூடிய மாஸ்க்கோடு போனேன். கிருமி பரவும் காலம் தாண்டும்வரை காற்றோட்டமான இடத்தில், தள்ளித்தான் இருக்க வேண்டும்.

"வெறும் வயித்துலதானே வந்தீங்க?"

ஒரு ஆயுசு கழித்து அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

"ஆமாங்க."

மூன்று மாத்திரை, செங்கல் நிறம். விழுங்கினேன். "வாயைத் திறங்க" என்றார். நாக்கைத் தூக்கிக் காட்டினேன். தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். என் தொண்டை ஏறி இறங்குவதை ஒருவர் அப்படி உற்றுப் பார்த்தது எனக்கு வெட்கமாக இருந்தது. சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். விரும்பிய காலத்தில் பேசாத பேச்செல்லாம் இப்படிப் பேசினோம்.

வீட்டில் தம்பியின் மனைவி என் தட்டையும் கோப்பையையும் தனியாக வைத்தாள். மனம் நொந்தது; ஆனால் அவளுக்குப் பிள்ளைகள் இருக்கின்றன. பிள்ளைகளைச் சோதித்து ஒன்றுமில்லை என்று சொன்ன அன்றுதான் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

இரண்டு மாதத்தில் சளியில் கிருமி இல்லை என்றார்கள். மாத்திரை வகை குறைந்தது, பசி வந்தது. நாட்கள் ஒன்றோடொன்று கலந்தன. மூட்டத்தில் டிஸ்பென்சரிச் சுவர் தெரியாது. அவர் தொண்டையைச் செருமும் சத்தத்தை வைத்துப் படியிறங்குவேன். சில காலைகளில் எனக்கு இருபத்தொரு வயது, சில காலைகளில் நாற்பத்தாறு. எந்த வயதில் போய்ச் சேர்வேன் என்பது முற்றத்துக்கு வரும்வரை தெரியாது.

நான்காம் மாதம் மறுபடி மலைக்குப் போய்க் கொழுந்து எடுத்தேன். இந்த நோயில் சுகமாக உணரும் காலம்தான் ஆபத்தானது. அப்போதுதான் பலர் மாத்திரையை விடுகிறார்கள், கிருமி மருந்துக்கு அடங்காமல் திரும்புகிறது. நான் ஒரு நாளும் விடவில்லை. ஒழுக்கத்தால் இல்லை, உங்களுக்கே தெரியும்.

ஆனால் அட்டையில் கட்டங்கள் குறைந்துகொண்டே வந்தன. அவை தீர்ந்துவிட்டால் அவர் முன்னால் போய் நிற்க எனக்கு வேறு சாக்கு இல்லை. நான் ஏன் வரவில்லை என்பதை அதற்குள் சொல்லியாக வேண்டும். ஐந்தாம் மாதம் ஒரு காலை, மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னேன்.

"அப்பா செத்த பிறகு, வேலைக்குப் பேர் பதிஞ்ச ஆள் இல்லாட்டி லயத்துக் காம்பராவை விடணும்னு தோட்டத்துத் தொரை சொல்லிட்டாருங்க. அம்மாவுக்கு முடியல. தம்பி ஸ்கூல் போய்க்கிட்டு இருந்தான். நீங்க ஸ்டேஷன்ல நின்ன காலையில நான் பெரட்டு வரிசையில நின்னு வேலைக்குப் பேர் பதிஞ்சேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"தெரியும்" என்றார். "நான் கொழும்பு போய் ஒரு மாசத்துல எங்கம்மா சொன்னாங்க."

"அப்ப ஏன் வரல?"

"நீ கூப்பிடுவேன்னு இருந்தேன்."

எனக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது, அவர்மேலும் என்மேலும். இத்தனை வருடம் நான் ஒளித்துச் சுமந்த சங்கதி அவர் சட்டைப் பையில் சும்மா கிடந்திருக்கிறது.

"மொதல்ல மாத்திரையைப் போடு" என்றார். போட்டேன். அவர் கையெழுத்து அன்று கட்டத்துக்கு வெளியே போயிற்று.

கடைசிச் சளிப் பரிசோதனையும் சுத்தமாக வந்தது. கடைசி மாத்திரையை விழுங்கினேன். அவர் அட்டையை மூடி என்னிடம் தந்தார்.

"முடிஞ்சிருச்சு."

"ஆமாங்க."

வேறு எதுவும் பேச வரவில்லை. இரண்டு பேருக்கும் அதுதானே பழைய வியாதி. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

என் நுரையீரலின் மேல்பக்கம் ஒரு தழும்பு மிஞ்சும் என்றார் டொக்டர். நடக்கும்போது தெரியாது, மூட்டமான காலையில் ஆழமாக மூச்சிழுத்தால் அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிகிறது. நேரம் பார்ப்பதையும் உடம்பே எடுத்துக்கொண்டுவிட்டது. கடைசி மாத்திரைக்கு மறுநாள் காலை ஆறரைக்குத் தொண்டை தானாகத் தண்ணீர் கேட்டது. கால் படியிறங்கியது. நான் தடுக்கவில்லை.

முற்றத்தில் கதிரை அதே இடத்தில் இருந்தது. இந்த முறை அவர் அதில் உட்கார்ந்திருந்தார், கையில் தண்ணீர் கிளாஸ். சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்தார்.

"பிரஷருக்குக் குடுத்தது. ஊருக்கே மருந்து குடுக்கிறேன், இதைப் போட மறந்துர்றேன். யாராச்சும் பக்கத்துல நின்னு பார்க்கணும், புஷ்பா."

"எத்தன மாசத்துக்குங்க?"

"இதுக்கு மாசக் கணக்கு இல்ல. உசிரு இருக்கிற வரைக்கும்."

அவர் விழுங்கினார். தொண்டை ஏறி இறங்குவதை நன்றாகப் பார்த்தேன்.

"வாயைத் திறங்க" என்றேன்.