பச்சைப் பனியன் போட்டுப் போன பேரணி

இன்று காலை "நொய்யலைக் காப்போம்" என்று அச்சடித்த பச்சைப் பனியனோடு எங்கள் வகுப்பே ஆற்றங்கரைக்குப் பேரணி போனது.

ஆற்றிலும் பச்சையாகத்தான் தண்ணீர் ஓடியது.

எருமையோடு நின்றிருந்த ஒரு பெண்ணிடம், "ஏனுங்கக்கா, எப்பவுமே இப்படித்தானுங்களா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க அம்மணி. சாயப்பட்டறைக்கு எந்தக் கலர் ஆர்டர் வருதோ, அந்தக் கலர்லதானுங்க ஓடும். போன வாரம் செவப்பு. இந்த வாரந்தான் பச்சைங்க."

நாங்கள் பனியனுக்கு ஆர்டர் கொடுத்ததும் இந்த வாரம்தான். அந்தத் துணிக்குச் சாயம் ஏற்றியதும் இதே கரையிலுள்ள பட்டறையில்தான்.

அக்கா எருமைக்குத் தண்ணீர் காட்டாமலே ஓட்டிக்கொண்டு போனார்.

அடுத்த பேரணிக்கு என்ன நிறம் போடலாம் என்று விடுதி நோட்டீஸ் போர்டில் இந்தத் தாளுக்குக் கீழே எழுதுங்கள்.

வெள்ளை என்று மட்டும் எழுதாதீர்கள். ப்ளீச்சிங் பட்டறையும் அதே கரையில்தான் இருக்கிறது.