ஹாலோரன் பெயருக்கு ஓர் அர்ச்சனை

பத்மராணி அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் கால்பந்தைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. எனக்கு இதில் கொஞ்சம் எரிச்சல்தான். ஹூஸ்டனில் இருபது வருஷத்துக்கு மேலாகத் தைராய்டு அறுவை சிகிச்சை செய்கிற மருத்துவர் அவர். எத்தனையோ பேருடைய கழுத்தைத் திறந்து, கட்டியை எடுத்து, குரலுக்கு ஒரு கேடும் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பியவர். ஆனால் நாங்கள் இருக்கும் ஹூஸ்டன் புறநகரான பேர்லேண்டில் யாரிடமாவது அவர் பெயரைச் சொன்னால், "யாரு, அந்த ஃபுட்டி அக்காவா?" என்றுதான் கேட்பார்கள்.

ஃபுட்டி என்பது ஆஸ்திரேலியக் கால்பந்து. பந்தும் முட்டை வடிவம், மைதானமும் முட்டை வடிவம். காலால் உதைக்கலாம், கையால் குத்தலாம், முன்னால் நிற்பவன் தோள்மேல் ஏறியும் பந்தைப் பிடிக்கலாம். முதல் தடவை பார்த்தபோது இதற்கு விதி என்று ஏதாவது உண்டா என்று கேட்டேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்கப்புறம் நான் அப்படிக் கேட்டதில்லை.

அவர் பிறந்தது சாவகச்சேரியில். யாழ்ப்பாணத்தில் மருத்துவம் படித்து, சண்டை முற்றியபோது கணவர் அரியரட்ணத்தோடு மெல்பர்ன் போய்ச் சேர்ந்தார். அங்கே ஆஸ்பத்திரியில் திங்கட்கிழமை காலையானால் நர்ஸுகள் எல்லோரும் வார இறுதி ஆட்டத்தைப் பற்றியே பேசுவார்கள். உனக்கு எந்த அணி என்று கேட்பார்கள். பதில் இல்லையென்றால் பேச்சு அதோடு முடிந்தது. அக்காவுக்குப் பேச ஆள் வேண்டியிருந்தது, ஓர் அணியைப் பிடித்துக்கொண்டார். எந்த அணி என்று சொல்ல மாட்டேன். சொன்னால் மெல்பர்ன்காரர்களில் பாதிப் பேர் இங்கேயே வாசிப்பதை நிறுத்திவிடுவார்கள். பிறகு அரியரட்ணத்தின் பம்ப் கம்பெனி அவரை ஹூஸ்டனுக்கு மாற்றியது. அக்கா அமெரிக்கப் பரீட்சைகளை எழுதி, பயிற்சியை மறுபடி அடியிலிருந்து தொடங்கினார். நாடு மாறியது, கார் ஓட்டும் பக்கம் மாறியது. அணி மட்டும் மாறவில்லை.

நான் சிவராமகிருஷ்ணன், மாம்பலத்துக்காரன், மயக்க மருந்து டாக்டர். அக்கா அறுவை செய்யும்போது நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பவன். ஆஸ்பத்திரியில் அவரை டாக்டர் என்பேன், வீட்டில் அக்கா.

மெல்பர்னின் சனிக்கிழமை ஆட்டங்கள் நமக்கு வெள்ளி இராத்திரியிலும் சனி விடியலிலும் நடக்கும். வேலைக்குப் போகிறவர்களுக்கு அது சரிப்படாது. அதனால் சனிக்கிழமை காலை பதிவைப் போட்டுப் பார்ப்பது என்று ஏற்பாடு. அக்கா வீட்டுக்குள் நுழைந்ததும் எல்லோரும் ஃபோனை ஃபிரிட்ஜின் மேல் வைத்துவிட வேண்டும். முடிவு தெரிந்து வருகிறவனுக்கு இடியப்பம் கிடையாது. வருகிறவர்கள் மூன்று பேர்: நான், எண்ணெய்க் கம்பெனி எஞ்சினியர் பாலசுப்ரமணியன், மூன்று வருஷம் முன்பு மெல்பர்னிலிருந்து வந்த கஜன். அரியரட்ணம் ஓய்வு பெற்றவர். சொதியைச் சூடாக்குவார், தேநீர் கொண்டுவருவார், ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பார். ஆட்டக்காரனைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை.

மற்ற எல்லோரும் சேர்த்து அவர் பங்கையும் பேசிவிடுவோம். யார் நல்ல ஃபார்மில் இருக்கிறான், யாரை உட்கார வைக்க வேண்டும், யாரை உள்ளூர் லீகுக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரே சண்டை. இதற்கு அக்கா ஒரு சட்டம் போட்டிருந்தார். ஒருவனை வெளியே போடச் சொல்கிறவன், உள்ளே வருகிறவன் பெயரையும் சொல்ல வேண்டும். சும்மா குறை சொல்லிவிட்டுப் போக முடியாது. ஆனால் அந்தச் சட்டப்படி அதிகம் பேரை வெளியே தள்ளியவரும் அக்காதான். முப்பதைத் தாண்டிய எவனும் அவர் வாயில் தப்பியதில்லை. "ஒரு மேட்ச் முந்தி நிப்பாட்டினா மரியாதை. ஒரு மேட்ச் பிந்தி நிப்பாட்டினாப் பரிதாபம்," என்பார்.

அர்ச்சனை விவகாரத்தையும் சொல்ல வேண்டும். ஒரு வருஷம் எங்கள் அணியின் உயரமான ஆள் ஒருவன் முழங்காலில் அடிபட்டு உட்கார்ந்திருந்தான். பாலசுப்ரமணியன் விளையாட்டாகப் பேர்லேண்ட் மீனாட்சி கோயிலில் அவன் பெயருக்கு ஓர் அர்ச்சனை செய்தார். அடுத்த வாரமே அவன் எழுந்து வந்துவிட்டான். பிடித்தது பைத்தியம். அன்றிலிருந்து ஃபார்ம் போனவன் எவனாக இருந்தாலும் அவனுக்கு வெள்ளிக்கிழமை ஓர் அர்ச்சனை. நட்சத்திரத்தைப் பாலசுப்ரமணியன் கணித்துத் தருவார். பிறந்த தேதி கிளப்பின் வலைத்தளத்தில் இருக்கும். பிறந்த நேரம் இருக்காது. காலை ஒன்பது மணி என்று அவரே வைத்துக்கொள்வார். தவறாமல் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிறவர் அரியரட்ணம் என்பதால் சீட்டு வாங்கும் வேலை அவருக்கு.

இந்த வருஷம் மார்ச்சில், சீசன் தொடங்கிய வாரம், அக்கா என்னை ஆஸ்பத்திரி கேஃபட்டீரியாவில் உட்கார வைத்து வலது கையை மேசைமேல் நீட்டினார். விரல்கள் லேசாக நடுங்கின. நரம்பு மருத்துவரைப் பார்த்தாகிவிட்டது, பெரிய வியாதி ஒன்றுமில்லை, வயதில் சிலருக்கு வருகிற நடுக்கம், கூடலாம், இப்படியே நிற்கவும் செய்யலாம் என்றார். துறைத் தலைவரிடம் அன்றைக்கே சொல்லிவிட்டார். அவர் பரிசோதனைகளைப் பார்த்துவிட்டு, மாத்திரை சாப்பிடுங்கள், சிக்கலான கேஸ்களை மானஸாவிடம் கொடுங்கள், கத்தியை எப்போது கீழே வைப்பது என்பதை நீங்களே சொல்லுங்கள் என்றாராம். மானஸா அக்காவிடம் பயிற்சி பெற்று அங்கேயே சேர்ந்த பெண். இங்கே பிறந்தவள், தமிழ் புரியும், பதில் ஆங்கிலத்தில் வரும்.

தைராய்டுக்குப் பின்னால் குரலுக்குப் போகிற நரம்பு நூல்போல ஓடுகிறது. அதில் கைபட்டால் நோயாளி ஆயுளுக்கும் கரகரத்த குரலோடு இருக்க வேண்டியதுதான். எனக்குத் தெரிந்தது அக்காவுக்குத் தெரியாதா. செப்டம்பரில் ஃபைனல்ஸ் என்கிற நாக்அவுட் ஆட்டங்கள் தொடங்கும் முன்னால் முடிவு சொல்வதாக அவரே தவணை வைத்துக்கொண்டார். துறைத் தலைவரையும் நரம்பு மருத்துவரையும் விட்டால், விஷயம் தெரிந்தவர்கள் வீட்டில் அரியரட்ணம், வெளியில் நான். எனக்கு உள்ளூர ஒரு முடிவு இருந்தது. ஆனால் பூனைக்கு யார் மணி கட்டுவது? கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

அதே சீசனில் ஹாலோரனும் தடுமாறத் தொடங்கினான். ஹாலோரன் எங்கள் ஃபுல்பேக், கோல் வாசலைக் காக்கிறவன். எதிரி அணியின் பெரிய ஆளோடு கூடவே ஓடி, அவன் கைக்குப் பந்து போகும் கணத்தில் முஷ்டியால் குத்தி வெளியே தள்ளுவது அவன் வேலை. பன்னிரண்டு வருஷம் அதைப் பிசகாமல் செய்தவன், இந்த வருஷம் இம்மி பிந்துகிறான். முஷ்டி போய்ச் சேர்வதற்குள் பந்து எதிராளியின் நெஞ்சில் இருக்கிறது. பழைய அக்காவாக இருந்தால் ஏப்ரலிலேயே அவனைத் தூக்கியிருப்பார். இந்த அக்கா அவனுக்காக வாதாடினார். யானைக்கும் அடி சறுக்கும் என்றார். முன்வரிசை பந்தைத் தொலைத்தால் பின்னால் நிற்பவன் என்ன செய்வான் என்றார். கஜன் அவருடைய பழைய வாக்கியத்தை அவரிடமே திருப்பிச் சொல்லி, ஊருக்குத்தான் உபதேசமா அக்கா என்று கிண்டல் செய்தான். அவனுக்கு ஒன்றும் தெரியாது, பாவம். அக்கா சிரித்துச் சமாளித்தார்.

ஹாலோரனுக்கு அர்ச்சனை மார்ச் கடைசியில் தொடங்கியது. பாலசுப்ரமணியன் அவனுக்குப் பூரம் என்று கணித்துக் கொடுத்தார். அரியரட்ணம் தலையாட்டினார். வாராவாரம் குங்குமமும் வாழைப்பழமும் வந்தன. பழத்தை நாங்கள் பிரசாதமென்று தின்றோம். ஃபார்ம் வரவில்லை.

ஆகஸ்டில் லீகின் கடைசி ஆட்டம். ஹாலோரன் காத்த ஆள் ஐந்து கோல் அடித்தான். நாங்கள் தோற்றோம், ஆனாலும் ஃபைனல்ஸில் இடம் இருந்தது. டி.வி.யை நிறுத்திவிட்டுச் சண்டையைத் தொடங்கினோம். கஜன் அவனை வெளியே எடுத்தே ஆக வேண்டும் என்றான், சட்டப்படி உள்ளே வர இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன் பெயரையும் சொன்னான். பாலசுப்ரமணியன் அவன் பக்கம் சேர்ந்தார். நான் தட்டுகளை அடுக்கத் தொடங்கினேன். அக்கா ஒற்றை ஆளாக நின்று, அனுபவத்துக்கு விலை இல்லையா, பெரிய ஆட்டத்தில் பையனுக்குக் கை நடுங்காதா என்று கேட்டார். அந்தச் சொல் வாயிலிருந்து வந்ததும் ஒரு கணம் நின்றார். பிறகு துணைக்கு ஆள் தேடுவதுபோலக் கணவரைப் பார்த்துத் திரும்பினார்.

"அஞ்சு மாசமா வெள்ளிக்கு வெள்ளி அவனுக்கு அர்ச்சனை செய்விக்கிறீங்கள். இவையளுக்கு நீங்களே சொல்லுங்கோ."

அரியரட்ணம் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அது அவனுக்கில்லை, பத்மா. உம்மட பேருக்குத்தான் செய்விச்சனான். உத்தரட்டாதிக்கு." எங்கள் பக்கம் திரும்பி, "அவனை நிப்பாட்டலாம்," என்றார்.

கஜனும் பாலசுப்ரமணியனும் என்னைப் பார்த்தார்கள். பாலசுப்ரமணியன், அப்ப அந்தப் பூரம் என்னாச்சு என்று கேட்கப் போனார், நான் அவர் முழங்காலைத் தட்டி நிறுத்தினேன். அக்கா எழுந்து சமையலறைக்குப் போனார். பின்னாலேயே அரியரட்ணம் போனார். காலித் தட்டுகளைக் கொண்டுபோன நான் வாசலில் மாட்டிக்கொண்டேன். போகவும் முடியவில்லை, நிற்கவும் கூடாது. நின்றேன்.

"அப்ப நானும் நிப்பாட்ட வேணும் எண்டுதான் நினைக்கிறீங்களோ?" அக்கா குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"ஓம்."

"நரம்பு டொக்டர் அப்பிடிச் சொல்லேல்லையே."

"எனக்கு வைத்தியம் தெரியாது. ஆனா இவ்வளவு வருஷமும் நீர் வீட்டை வந்து, 'இண்டைக்கு நல்லாப் போச்சுது' எண்டுதான் சொல்லுவீர். இந்த வருஷம், 'பிழை ஒண்டும் நடக்கேல்லை' எண்டு சொல்லுறீர். ரெண்டும் ஒண்டில்லை, பத்மா."

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. அக்கா அழுதார். அவரை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. அரியரட்ணம் கையை நீட்டிக் குழாயை மூடினார். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பேசத் தெரியாதவர் என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த மனிதர், ஒரு சீசன் முழுக்க வாயைக் கட்டிக்கொண்டு சாமியிடம் மட்டும் பேசியிருக்கிறார். அக்காவுக்காக வருந்தியதைவிட அவருக்காக என் மனம் அதிகம் வருந்தியது. அதைச் சொல்வதற்கு எனக்கு வெட்கமில்லை.

திங்கட்கிழமை முதல் கேஸ் ஒரு பள்ளி ஆசிரியை. அக்கா கை கழுவும் இடத்தில் மானஸாவிடம் என்ன சொன்னார் என்று தெரியாது. உள்ளே வந்தபோது மானஸாவின் முகம் வெளுத்திருந்தது. எப்போதும் தலைமை மருத்துவர் நிற்கும் பக்கத்தில் அவளை நிறுத்திவிட்டு, அக்கா மேசையைச் சுற்றி எதிர்ப்பக்கம் போய், வெட்டை விரித்துவைக்கும் கொக்கியைப் பிடித்துக் கொடுக்கும் உதவியாளின் இடத்தில் நின்றார். வேலை வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்தது. இடையில் ஒருமுறை மானஸா தயங்கினாள். அக்கா அவசரப்படுத்தவில்லை, அவளாகவே நரம்பைக் கண்டுபிடிக்கும்வரை பொறுத்திருந்தார்.

மயக்கம் தெளிந்ததும் நோயாளியிடம் பெயரைக் கேட்பது வழக்கம். பேசினால் நரம்பு பிழைத்ததா என்று ஓரளவு தெரிந்துவிடும். நான் ஆசிரியையை எழுப்பினேன். பழக்கதோஷத்தில் அக்காவைத்தான் பார்த்தேன். அவர் மானஸாவைப் பார்த்து, "நீர் கேளும்," என்றார்.

மானஸா கேட்டாள். ஆசிரியை தன் பெயரைத் தெளிவாகச் சொன்னார். வகுப்பறையில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரல். அக்கா முகமூடிக்குள் சிரித்ததைக் கண்ணில் பார்த்தேன். தாழ்வாரத்தில் என்னிடம், பிள்ளைக்கு நல்ல கை, தன்னைவிட மெதுவாகச் செய்கிறாள், அது பழகிவிடும் என்றார். துறைத் தலைவரைப் பார்க்க அவர் தனியாகப் போனார். இனிமேல் வெளிநோயாளிகளைப் பார்ப்பார், கற்றுக்கொடுப்பார், கத்தி எடுக்க மாட்டார்.

ஃபைனல்ஸுக்கான அணி அடுத்த வாரம் வியாழக்கிழமை வந்தது. மெல்பர்னில் சாயந்தரம் அறிவித்தால் நாம் விழிக்கும்போது ஃபோனில் இருக்கும். பல் தேய்க்கும் முன்னால் பார்த்தேன். ஃபுல்பேக் இடத்தில் ஹாலோரன் பெயரே இருந்தது. பயிற்சியாளர் அவனை வெளியே எடுக்கவில்லை. கஜன் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் கோபப்பட்டு நீளமாக எழுதியிருந்தான். பாலசுப்ரமணியன் இந்த வாரமாவது அர்ச்சனை சரியான ஆளுக்குப் போகட்டும் என்று போட்டிருந்தார். அக்கா ஹாலோரனுக்காக வெற்றி முழக்கம் செய்வார் என்று நினைத்தேன்.

அவர் செய்தி கீழே வந்தது: "பிழை. நிப்பாட்டியிருக்க வேணும். பாவம், அவனுக்குச் சொல்ல வீட்டில ஒருத்தரும் இல்லைப் போல."