சுவரில் தெரிந்த நீலம்

திருநின்றவூரில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் பொதுவாக ஒரே சுவர். இரண்டு குளியலறைகளும் அதை ஒட்டித்தான். மழையே இல்லாத மாதத்தில் எங்கள் படுக்கையறைச் சுவர் ஓதம் ஏறி உப்புப் பூத்தது. பக்கத்து வீட்டு செல்வி அக்காவிடம் தெருவில் நின்றே கத்தினேன்.

"உங்க பாத்ரூம் தண்ணிதான்க்கா இறங்குது."

"எங்க ஊட்லயுந்தான் செவுரு ஊறிக்கினு கீது. துணிக்குப் போடற நீலத்த ரெண்டு பாத்ரூம்லயும் ஊத்திப் பாத்துடலாம்மா, எது ஒழுவுதுன்னு தெரிஞ்சிடும்," என்றார்.

முதலில் அவர் வீட்டில் ஊற்றினார். ஏமாற்றிவிடக் கூடாதென்று பக்கத்திலேயே நின்று பார்த்தேன். மறுநாள் வரை எந்தப் பக்கமும் நீலம் தெரியவில்லை.

அடுத்து என் முறை. அவர் வரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு நீல பாட்டிலுடன் நின்றேன். வெறும் தண்ணீரை ஊற்றினால் யாருக்கும் தெரியாது. தெருவில் கத்தியதற்குத் தலைகுனிய வேண்டாம். குழாயைக்கூடத் திறந்துவிட்டேன்.

"ஊத்திட்டியாம்மா?" ஜன்னல் வழியாக அவர் குரல் கேட்டது.

பாட்டிலைக் கவிழ்த்தேன்.

சாயங்காலம் கூப்பிட்டார். அவர் கட்டிலுக்குப் பின்னால் சுவரில் கையகலத்துக்கு நீலம். நான் இதைத்தான் கேட்டேன்:

"நான் ஊத்தறப்போ நீங்க ஏன்க்கா வந்து பாக்கல?"

"காவல் நின்னு பாத்துட்டு, அப்பால பக்கத்துல எப்டிம்மா குடியிருக்கறது?"

எங்கள் குளியலறை டைல்ஸை உடைத்துக் கழிவுநீர்க் குழாயை மாற்றியாகிவிட்டது. சுவரும் காய்ந்துவிட்டது. அவர் ஊற்றும்போது நான் காவல் நின்றதுதான் இன்னும் உறுத்துகிறது.